இரண்டு கை கேட்ட கத்தி

என் அன்பு மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நீ இருந்தவரை உனக்கு வந்தது ஒரே ஒரு கடிதம், சைகோனுக்குப் பிழைக்கப் போன உன் பெரியப்பா மகன் போட்டது. அதையும் நான்தான் மணலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாய். இப்போது நானே உனக்கு எழுதுகிறேன். இதை யார் உனக்குப் படித்துச் சொல்வார்களோ தெரியவில்லை. அங்கேயும் படித்தவன் ஒருவன் இருக்காமலா போவான்? இங்கே இருக்கிற நாலு பேர் கண்ணில் பட்டாலும் படட்டும். பட்டால்தான் நல்லது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் கன்னியம்மா வளர்ந்துவிட்டாள். நண்டு பிடித்து அடுத்தவர் செருப்புக்குள் விடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். உன் தம்பி முனுசாமி மறுபடியும் கடலுக்குப் போகிறான், அதே கட்டுமரத்தில்தான். உன் பெண்டாட்டி பச்சையம்மாள் மீன் கூடையைச் சுமந்துகொண்டு பெரிய மார்க்கெட் வரை நடக்கிறாள். நான் மில்லில் அதே பிட்டர் வேலையில்தான் இருக்கிறேன். மேலே இருக்கிற பிரெஞ்சுக்கார முசேவுக்கும் அதே கோபம்தான்.

இதற்கு மேல் ஊர்க்கதை எழுத என்னால் முடியவில்லை. எட்டு மாதமாக நெஞ்சில் கிடப்பதைக் கொட்டத்தான் உட்கார்ந்தேன். மரத்தைப் பிடித்திருந்த கையை நீ ஏன் விட்டாய் என்று குருசுக்குப்பம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. நான் செய்துகொடுத்த கத்தியைத் திறக்கத்தான் விட்டாய். அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். உன்னிடம் ஒரு கைதான் மீதி இருந்தது.

அந்தக் கத்தியை நான் ஏன் செய்தேன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற ஒருவர் ஒரு துரை வீட்டுக் குசினியில் சமையல்காரராக இருந்தார். துரை சவரம் செய்து எறிகிற பிளேடுகளைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொடுப்பார், நான் உனக்குக் கொண்டுவருவேன். துரையின் தாடைக்கு மழுங்கிப்போன பிளேடு உன் வலை நூலுக்குப் புத்தம் புதிது. உப்புத் தண்ணீரில் இரும்புக் கத்தி துருவேறிக் கெட்டுவிடும், பிளேடு கெட்டால் வீசிவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். அதை நீ நீளவாக்கில் இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தலைத்துண்டின் மடிப்பில் சொருகி வைத்திருப்பாய். குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். தலையில் இருக்கிறதை மறந்து படுத்து, காதைக் கிழித்துக்கொண்டவனும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்தபோது கன்னியம்மா உன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள். விளையாட்டாக உன் தலைத்துண்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பிளந்துகொண்டது. நீ அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடினாய், நான் பின்னால் ஓடினேன். தையல் போடும்போது அவள் என்னைக் கூப்பிட்டுத்தான் அழுதாள். "மாமா வலிக்குது, மாமா வலிக்குது" என்று.

மாமா. அந்த உறவை நீதான் எனக்குக் கொடுத்தாய். கன்னியம்மாவுக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், பச்சையம்மாளுக்கோ கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. நீ என் வாசலில் வந்து நின்று, "எனக்கு மச்சான் இல்ல சவரி. நீ வந்து உக்காரு" என்றாய். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு ஒண்டிக்கட்டையாகக் கிடந்தவன் நான். ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவன், உங்கள் அம்மன் கோயில் வாசலில் போய் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டேன். எங்கள் மாதா கோயில் சாமியார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பிள்ளைக்கு மடி வேண்டியிருந்தது, கொடுத்தேன் என்றேன். அன்றிலிருந்து பச்சையம்மாளுக்கு நான் அண்ணன், உனக்கு மச்சான். எனக்குப் போக ஒரு வீடு கிடைத்தது.

அதனால்தான் ஆஸ்பத்திரி வாசலில் உன்னை அதட்டினேன். இனிமேல் பிளேடு தலையில் இருக்கக்கூடாது, நானே ஒரு பிடி போட்டுத் தருகிறேன், குழந்தை கையில் கிடைத்தாலும் திறக்காத பிடியாக என்றேன். தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான் என்று நீயும் தலையாட்டினாய்.

எங்கள் முசே பையில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருப்பார், ஆப்பிள் சீவுவதற்கு. அதைப் பார்த்துத்தான் முதல் பிடியைச் செய்தேன். சட்டைப் பைக்குள் கச்சிதமாக அடங்கும் என்று பெருமையாகச் சொன்னேன். நீ இடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "பை எங்க மச்சான் இருக்குது? கோவணத்துக்கு மொதல்ல ஒரு பை தெச்சிக் குடு, அப்புறம் கத்தி குடு" என்றாய். பச்சையம்மாள் சிரித்த சிரிப்பில் குழம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள்.

இரண்டாவது பிடியில் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்ள ஒரு வளையம் வைத்தேன். எல்லாம் பித்தளை, துருப்பிடிக்காது. பிளேடின் நடுவில் இருக்கிற ஓட்டைகளுக்குச் சரியாக மூன்று ஆணிகள், அதில் பிளேடை உட்கார வைத்துவிட்டால் அசையாது. ஒரு பக்க விளிம்பு பித்தளை மடிப்புக்குள் போய்விடும், ஒரு பக்கம்தான் வெட்டும். மழுங்கினால் தகட்டைத் தூக்கிவிட்டு வேறு பிளேடு போடலாம். மடக்கிவிட்டால் முழுசும் பிடிக்குள் ஒளிந்துகொள்ளும். திறப்பதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கொக்கிகள். இரண்டையும் ஒரு கையால் சேர்த்து அழுத்திக்கொண்டு, மறு கையால் பிளேடுத் தகட்டை வெளியே இழுக்க வேண்டும்.

கன்னியம்மாவிடம்தான் முதலில் கொடுத்துப் பார்த்தேன், பிளேடு போடாமல். அவள் இழுத்தாள், கடித்தாள், கடைசியில் அழுதுகொண்டே என் மேல் வீசி எறிந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிடப் பத்திரமான கத்தி உலகத்திலேயே கிடையாது என்று பெருமை பேசினேன்.

நான் செய்த தப்பு என்னவென்று இப்போது எனக்குத் தெரிகிறது. நான் பட்டறைக்காரன். என் மேசையில் ஒரு இரும்பு இடுக்கி இருக்கிறது, எதைச் செய்தாலும் அது பிடித்துக்கொள்ளும். அதனால் என் இரண்டு கையும் எப்போதும் சும்மாதான் இருக்கும். மனுஷன் என்றால் அவனுக்கு வேலை செய்ய இரண்டு கை இருக்கும் என்று இருபது வருஷமாகப் பழகிவிட்டேன். கடலில் ஒரு கை மரத்தை விட்டு வராது என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? உன்னோடு மரத்தில் ஒரு நாள் வந்திருந்தால் தெரிந்திருக்கும். வாந்தி வரும் என்று பயந்து கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்குத் தெரியாமலா இருந்தது? கத்தியை உன் கையில் கொடுத்தபோது இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தாய். "நல்லாருக்கு மச்சான்" என்றாய். பிறகு, "ஆனா கடல்ல..." என்று ஆரம்பித்தாய். கன்னியம்மாவின் கட்டுப் போட்ட கை உன் முழங்காலில் கிடந்தது. நீ அதைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். "கடல்ல பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டாய். என்ன சொல்ல வந்தாய்? ஏன் விழுங்கினாய்? என் மனசு நோகும் என்றா? நோகட்டுமே. என்னைக் கெட்ட வார்த்தையில் நாலு திட்டுத் திட்டி, முகத்தில் வீசி எறிந்திருக்கக் கூடாதா?

அத்தோடு நான் நிறுத்தவில்லை. உன் தலைத்துண்டிலிருந்த அரை பிளேடைப் பிடுங்கிக் கடலில் வீசினேன். இனிமேல் இந்தச் சனியனைத் தலையில் வைக்கமாட்டேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாய். மடையன், அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாய்.

நாலைந்து மாதம் கத்தி ஒழுங்காகத்தான் இருந்தது. மரத்தில் உட்கார்ந்து, முழங்காலால் இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் திறந்து வேலை செய்தாய். குப்பத்தில் இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். நல்ல வேளை, நான் சோம்பேறி, செய்துகொடுக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை முனுசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது, நீ இழுத்தாய், நீரோட்டம் எதிர்ப்பக்கம் இழுத்தது. கயிற்றுச் சுருள் உன் கணுக்காலில் விழுந்து இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை மரத்தைப் புரட்டிப் போட்டது. முனுசாமி ஒரு பக்கம் தூரமாக விழுந்தான், நீ ஒரு பக்கம். அவன் நீந்தி வருகிறவரை நீ ஒரு கையால் மரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாய்.

"அண்ணன் நல்லா புடிச்சிட்டுதாண்ணே இருந்துச்சி. ஒரு கை மரத்துல, ஒரு கை தண்ணிக்குள்ள இடுப்பாண்ட இருந்துச்சி. நான் வந்துட்டேன், வந்துட்டேன்னு கத்தறேன். என்னப் பாத்துச்சி. அப்புறம் என்னான்னு தெரியல, மரத்த வுட்டுடுச்சி. அந்தக் கையும் உள்ள போயிடுச்சி. நான் முழுவிப் பாத்தேன். கெடைக்கல."

இதை அவன் கரையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். கை ஓய்ந்துபோயிருக்கும் என்றார் ஒருவர். கடல் கேட்டது, எடுத்துக்கொண்டது என்றார் இன்னொருவர். நானும் கூட்டத்தில் நின்று தலையை ஆட்டினேன். மறுநாள் வலைக்கயிறு அலையில் அறுந்து, நீ வடக்கே கரை ஒதுங்கினாய்.

உன் கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட பச்சையம்மாளுக்கு என்னை விட்டால் யார்? கடைக்குப் போய் வெள்ளைப் புடவை வாங்கி வந்தேன். அண்ணன் முறையில் அவள் தோளில் போட்டேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே போய் உன் இடுப்பிலிருந்து கழற்றிய கத்தியைக் கொண்டுவந்தாள். "உங் கையால செஞ்சது. நீயே வெச்சிக்கண்ணே" என்றாள்.

வெளியே வந்து மடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு கொக்கியும் விடுபட்டிருந்தன. தகடு ஒரு நகத்தின் அளவுக்கு வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான் வந்திருந்தது.

அங்கேயே மணலில் குந்திவிட்டேன். ஒரு கையால் உனக்குக் கொக்கியைத்தான் அழுத்த முடிந்தது. தகட்டை இழுக்க இன்னொரு கை வேண்டும். மரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்து அதைத்தான் செய்தாய், தண்ணீருக்குள் போய்க்கொண்டே. இன்னும் எத்தனை நேரம் கிடைத்திருந்தால் திறந்திருக்கும்? ஒரு மூச்சா, அரை மூச்சா? அந்தப் பழைய அரை பிளேடு தலைத்துண்டில் இருந்திருந்தால் நீ இன்றைக்குச் சாராயக் கடையில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்துகொண்டிருப்பாய்.

எனக்கு அப்போதும் நம்ப மனசு வரவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினேன். கணுக்காலில் கயிறு கட்டி, அதன் மறுமுனையில் கல்லைக் கட்டிக்கொண்டேன். கரைக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்த மரம் ஒன்றை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் கத்தியைத் திறக்கப் பார்த்தேன். எத்தனை தரம் என்று கேட்காதே. ஒரு தரமும் திறக்கவில்லை. பிறகு மரத்தை விட்டேன். அடியில் போய்த்தான் திறந்தேன், விரலை அறுத்துக்கொண்டு. முனுசாமி பார்த்துவிட்டு ஓடிவந்து முடியைப் பிடித்து என்னை மேலே இழுத்தான்.

"இன்னா சவரியண்ணே, சாவப் பாக்கறியா? எங்க வூட்ல ஒரு சாவு பத்தாதா?"

கத்தியைச் சோதித்துப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். "இது கடலுக்கு ஆவாதுண்ணே. கடல்ல ரெண்டு கையும் சும்மாவா இருக்கும்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவன் தலையைத் துவட்டிக்கொண்டு போனான். அவனுக்குப் பொறி தட்டவில்லை. தன் அண்ணன் கையை விட்டதையும் இதையும் அவன் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் பச்சையம்மாள் என்னிடம் அவள் பங்கைச் சொன்னாள். கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தவள், கையில் மோரைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அவரு போன அன்னிக்குக் காலையில சண்டண்ணே. மொத நாளு சாராயக் கடையில கெடந்துட்டு வந்தாரு. எனக்கு ஆத்திரம். கடலுக்குப் போறவரு பின்னால நின்னு சொல்லக்கூடாதத சொல்லிட்டேன். அப்படியே போயிடு, திரும்பி வராதன்னேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. மரத்த நல்லா புடிச்சிட்டு இருந்த மனுஷன் ஏண்ணே கைய வுட்டாரு? என் வார்த்த நெனப்பு வந்திருக்கும். வுட்டுட்டாரு. நான்தான் அவரக் கொன்னேன்."

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும் மாப்பிள்ளை. வாயைத் திறந்தேன். "அப்படியெல்லாம் இல்லம்மா. மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றேன். மோரைக் குடித்தேன். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் அந்த வீடு எனக்கு இல்லாமல் போகும். கன்னியம்மா என் மடிக்கு வரமாட்டாள். கோடி போட்ட கையே தாலியை அறுத்த கை என்று தெரிந்த பிறகு யார் அண்ணன் என்று கூப்பிடுவார்கள்? எனக்கு இருக்கிற ஒரே வாசல் அது. அவ்வளவு கேவலமான காரணம்தான், வேறொன்றும் இல்லை.

எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். முதலில் கத்தியைச் சரிசெய்வோம், ஒரு கையால் திறக்கிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு போய்ச் சொல்வோம் என்று. ஒரு பிடி செய்தேன், ஒரு கையால் திறந்தது, ஆனால் குழந்தையும் திறக்கும். உடைத்துப் போட்டேன். அடுத்ததில் சுருள்வில் வைத்தேன், நாலே நாளில் உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டது. அடுத்தது மீன் வழுவழுப்பில் வழுக்கியது. ஒவ்வொரு பிடி கெட்டுப்போனபோதும் எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? அந்த நிம்மதியை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது.

கடைசியில் ஒன்று சரியாக வந்தது. பிளேடுத் தகடு மடங்குவதில்லை, பிடிக்குள்ளேயே முன்னும் பின்னும் நகரும். பிடியின் அடியில் ஒரு தகடு, அதை உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே மேலே இருக்கிற குமிழைக் கட்டைவிரலால் தள்ளினால் பிளேடு வெளியே வந்து நின்றுவிடும். சுருள்வில் கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற நீளத்துக்குக் குழந்தையின் கை எட்டாது, பெரியவர்களுக்கு ஒரு கை போதும். மீன் எண்ணெயைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இடது கையாலும் திறந்து பார்த்தேன். திறந்தது.

இனி எனக்குச் சாக்கு இல்லை. அப்படியும் பத்து நாள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மில்லில் வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினேன்.

முனுசாமிதான் மில் வாசலில் வந்து நின்றான். "அண்ணி சோறு துன்றதில்ல. கூடைய வெச்சிட்டுக் கடலப் பாத்துட்டே நிக்குது. நேத்து முட்டியளவு தண்ணியில நிக்குது, புடவையோட. கூப்ட்டா காதுல வுழல. எனக்கு பயமா இருக்குதுண்ணே. நீ சொன்னா கேக்கும், வந்து சொல்லு" என்றான்.

நான் சொன்னால் கேட்கும். அன்றைக்கே அரை நாள் விடுப்புக் கேட்டேன். முசே கத்தினார், கத்தட்டும் என்று வந்துவிட்டேன்.

பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நான் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உன் கத்தியை எடுத்து, பிளேடைக் கழற்றிவிட்டு, அவள் கையில் கொடுத்தேன்.

"ஒரு கையால தெறம்மா இத" என்றேன்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். வலது கையால் முயன்றாள். கொக்கி விட்டது, தகடு வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தரையில் ஊன்றியிருந்த இடது கையை எடுத்தாள். தகட்டை இழுத்தாள். வந்துவிட்டது.

இரண்டு கையிலும் அதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கை வேணுமா இதுக்கு?"

"ஆமாம்மா. நான் அப்படித்தான் செஞ்சேன்."

"அன்னிக்கு இது தெறந்திருந்துச்சா?"

"ஒரு நகத்தளவு."

கன்னியம்மா எங்கேயோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு பச்சையம்மாள் கேட்டாள், ரொம்ப மெதுவாக.

"அப்போ, வூட்டுக்கு வரத்தான் கைய வுட்டாரா?"

"ஆமாம்மா. வூட்டுக்கு வரத்தான்."

அவள் அழுதாள். உன் கருமாதியில் அழுத அழுகை இல்லை இது. கத்தியை மார்போடு வைத்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாதென்று அவள் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. நான் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழக்கூட உரிமை இல்லை என்று தோன்றியது.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கருமாதி அன்னிக்கே."

"நான் உங்கிட்ட சொன்னேனே. நான்தான் கொன்னேன்னு சொன்னேனே. அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கத்தி தப்பா போச்சின்னா போவுது. அது பித்தள, அதுக்கு இன்னா தெரியும்? உனக்கு வாய் இருந்துச்சே. எம் மோர வாங்கிக் குடிச்சிட்டு, வாயத் தொடச்சிட்டுப் போனியே."

கத்தியை மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுந்து போ. எம் முன்னால நிக்காத" என்றாள். அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

எழுந்து வந்தேன். மாப்பிள்ளை, நான் பயந்ததெல்லாம் நடந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்காக நடக்கவில்லை. கத்திக்காக அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கத்தி கொன்றது உன்னை மட்டும்தான். அவளை எட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றது என் வாய். அதற்கு எந்தப் பித்தளையில் பிடி போடுவது?

இரண்டு நாள் கழித்து முனுசாமி என் வீட்டுப் பட்டறைக்கு வந்தான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அடிப்பான் என்று நினைத்து, அடிக்கட்டும் என்று நின்றேன். அவன் அடிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

"அண்ணி நேத்து ரெண்டு தட்டு சோறு துன்னுச்சி. அழுதுட்டே துன்னுச்சி" என்றான். பிறகு, "புதுக் கத்திய வாங்கிட்டு வரச் சொல்லுச்சி. எப்படித் தெறக்கறதுன்னு நீ சொல்லிக் குடுக்கறத ஒழுங்கா கத்துக்கணுமாம். இடது கையாலயும் கத்துக்கணுமாம். ஆனா உன் வூட்ல தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாதாம்" என்றான்.

உச்சி வெயிலில் குருசுக்குப்பத்திலிருந்து நடந்து வந்தவன். தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டு, நூறு தரமாவது திறந்து மூடினான், இடதும் வலதும். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு காய்ந்து கிடந்தது. என் பானையில் தண்ணீர் இருந்தது, எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கற்றுக்கொண்டு கத்தியை அரைஞாணில் கோத்துக்கொண்டு தாகத்தோடேயே போனான்.

மறுநாள் குப்பத்திலிருந்து இன்னும் நாலு பேர் கேட்டு அனுப்பினார்கள். செய்துகொண்டிருக்கிறேன். உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இந்தத் தடவை நீ எதையும் விழுங்காமல் கேட்டுக்கொள். என் கையால் ஒரு கத்தி எந்த மனுஷனுக்குப் போனாலும், பழைய கத்தி உன்னை என்ன செய்தது என்று என் வாயால் முதலில் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். கேட்கிறவன் காறித் துப்பினாலும் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். கன்னியம்மா விவரம் தெரிகிற வயசுக்கு வந்து, அப்பா எப்படிப் போனார் என்று கேட்டால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அவளுக்கும் நானே சொல்வேன்.

இப்படிக்கு,
பச்சையம்மாளுக்கு இனி யாரோ,
உனக்கு மட்டும் இன்னும் மச்சான்,
சவரிமுத்து